கடையில் வாங்கும் 'உல்லன் நூல்' நிஜமாகவே கம்பளிதானா? பின்னலுக்கு எந்த நூல் சரி?

பிறக்கப்போகிற குழந்தைக்கு ஒரு குட்டித் தொப்பி, கூடவே ஒரு ஜோடி சாக்ஸ். யூடியூப் பார்த்து நிட்டிங், குரோஷா கற்றுக்கொள்பவர்கள் முதலில் போவது பக்கத்து ஃபேன்ஸி ஸ்டோருக்குத்தான். "உல்லன் நூல் இருக்குங்களா?" என்று கேட்டால் கலர் கலராக உருண்டைகளை எடுத்துப் போடுவார்கள். தொட்டால் மெத்தென்று இருக்கும், விலையும் குறைவு. ஆனால் அவற்றில் பெரும்பாலான உருண்டைகளில் ஆட்டு ரோமம் ஒரு இழைகூட இருக்காது.

அது அக்ரிலிக். பெட்ரோலியத்தில் இருந்து கிடைக்கும் ரசாயனத்தை வைத்து ஆலையில் செய்யப்படும் செயற்கை இழை. 'உல்லன்' என்ற சொல் நம் கடைகளில் இழையின் பெயராக இல்லாமல், புசுபுசுவென இருக்கும் எல்லா நூலுக்கும் பொதுப்பெயராக மாறிவிட்டது.

பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட முடியாது. அந்த நூல் வியர்வையை உறிஞ்சுமா, சூடான பாத்திரம் பட்டால் உருகுமா, எப்படித் துவைக்க வேண்டும் என்பதெல்லாம் அது எந்த இழை என்பதைப் பொறுத்ததுதான்.

அக்ரிலிக் எப்படி 'உல்லன்' ஆனது?

அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் 1950இல் 'ஆர்லான்' என்ற பெயரில் அக்ரிலிக் இழையை வணிக ரீதியாகத் தயாரிக்கத் தொடங்கியது. கம்பளியைப் போலவே தோற்றம், ஆனால் விலை மலிவு. பூச்சி அரிக்காது, மெஷினில் போட்டுத் துவைக்கலாம். பிறகு கேட்கவா வேண்டும், உலகம் முழுக்கப் பரவியது.

இந்தியாவில் பல ஊர்களில் 'கேஷ்மிலான்' என்று கேட்டு வாங்கும் வழக்கம் உண்டு. பெயரைக் கேட்டால் காஷ்மீர் ஆட்டு ரோமம் நினைவுக்கு வரும். உண்மையில் அது ஜப்பானின் அசாஹி கசெய் நிறுவனம் தயாரித்த அக்ரிலிக் இழையின் வணிகப் பெயர்.

அக்ரிலிக் வாங்குவதில் தப்பு எதுவும் இல்லை. கம்பளி என்று நினைத்துக்கொண்டு வாங்குவதில்தான் சிக்கல்.

அப்படியானால் இயற்கை இழை எது?

இரண்டு குடும்பங்களை ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.

ஒன்று, விலங்குகளிடம் இருந்து கிடைப்பது. ஆட்டுக் கம்பளி, பஷ்மினா, அங்கோரா முயல் ரோமம், பட்டு ஆகியவை இதில் வரும். இவை எல்லாமே புரதம். கம்பளியில் இருக்கும் கெரட்டின்தான் நம் தலைமுடியிலும் நகத்திலும் இருக்கிறது.

மற்றொன்று, செடிகளிடம் இருந்து கிடைப்பது. பருத்தி, லினன், சணல், வாழைநார் போன்றவை. இவை முக்கியமாக செல்லுலோஸால் ஆனவை. அதாவது காகிதம் எதனால் ஆனதோ, அதே பொருள்.

கம்பளியில் அப்படி என்ன விசேஷம்?

கம்பளி இழை நேராக இருக்காது, சுருள் சுருளாக இருக்கும். அந்தச் சுருள்களுக்கு நடுவே காற்று தங்குவதால் குளிர் தெரியாது. இழுத்துவிட்டால் ஸ்பிரிங் மாதிரி பழைய நிலைக்குத் திரும்பும். அதனால்தான் ஸ்வெட்டரின் கழுத்தும் மணிக்கட்டுப் பகுதியும் தொளதொளவென ஆகாமல் பிடித்து நிற்கின்றன.

ஈரத்தைக் கையாள்வதிலும் பெரிய வித்தியாசம் உண்டு. சாதாரண அறைச் சூழலில் 100 கிராம் அக்ரிலிக் காற்றில் இருந்து உள்வாங்கும் ஈரம் சுமார் 2 கிராம். பருத்தி என்றால் 7 முதல் 8 கிராம். கம்பளி ஏறக்குறைய 15 கிராம் வரை உள்வாங்கும், ஆனாலும் கைக்கு ஈரமாகத் தெரியாது. அக்ரிலிக் ஸ்வெட்டரை வெயிலில் போட்டால் கசகசவென்று இருப்பதற்கு இதுவே காரணம்.

தீ விஷயத்திலும் கம்பளி பாதுகாப்பானது. எளிதில் பற்றாது, நெருப்பை விலக்கினால் பெரும்பாலும் தானாக அணைந்துவிடும். அக்ரிலிக் அப்படியில்லை. உருகி எரியும், உருகிய பாகம் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

கம்பளின்னாலே உடம்பு அரிக்குமே?

அது இழையின் தடிமனைப் பொறுத்தது. சுமார் 30 மைக்ரானுக்கு மேல் தடிமன் உள்ள இழைகளின் முனைகள் வளையாமல் தோலைக் குத்தும். மெரினோ ஆட்டின் இழை பொதுவாக 24 மைக்ரானுக்குக் கீழே இருப்பதால் மென்மையாக இருக்கும். லடாக்கின் சாங்தாங் பீடபூமியில் வளரும் ஆடுகளின் பஷ்மினா அதைவிட மெல்லியது, சுமார் 12 முதல் 15 மைக்ரான். வசந்த காலத்தில் ஆட்டைச் சீவி எடுக்கும் அந்த உள்ரோமம், ஒரு ஆட்டுக்கு ஆண்டுக்குச் சில நூறு கிராம்தான் தேறும். பஷ்மினா சால்வையின் விலைக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இந்தியாவில் கம்பளி உற்பத்தியில் ராஜஸ்தானுக்குத்தான் முதலிடம். ஆனால் நாட்டில் கிடைக்கும் கம்பளியில் பெரும்பகுதி தடிமனானது, தரைவிரிப்புக்கு ஏற்றது. உடைக்கான மெல்லிய கம்பளி பெருமளவு ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் இருந்து இறக்குமதியாகிறது. மெரினோ நூலின் விலை அதிகமாக இருப்பதற்கு இதுவும் சேர்ந்துகொள்கிறது.

தமிழ்நாட்டிலும் மெல்லிய கம்பளி தரும் ஆடு உண்டு. மெரினோ உள்ளிட்ட இனங்களின் கலப்பில் உருவான நீலகிரி செம்மறி ஆடுகள், ஊட்டி அருகே சாண்டிநல்லாவில் உள்ள ஆராய்ச்சி நிலையத்தில் பராமரிக்கப்படுகின்றன. கொடைக்கானல் பக்கம் மன்னவனூரில் இருக்கும் மத்திய அரசின் ஆராய்ச்சி மையத்தில் 'பாரத் மெரினோ' ஆடுகள் வளர்க்கப்படுகின்றன.

நம்ம ஊர் வெயிலுக்கு எது சரி?

பருத்திதான். தோலுக்கு இதமாக இருக்கும், வியர்வையை உறிஞ்சும், நனைந்தால் இன்னும் வலுவாகும். திருப்பூரின் பனியன் தொழில் எழுந்ததே பருத்திப் பின்னலாடையை நம்பித்தான்.

ஒரு குறை உண்டு. பருத்திக்குக் கம்பளி மாதிரி நெகிழ்வு கிடையாது. கம்பளிக்கு எழுதப்பட்ட ஸ்வெட்டர் பேட்டர்னை அப்படியே பருத்தி நூலில் பின்னினால், சொந்த எடையிலேயே கீழே தொங்கி நீளமாகிவிடும். கொஞ்சம் இறுக்கமாகப் பின்னுவதும், முதலில் சின்னதாக ஒரு மாதிரித் துண்டு பின்னித் துவைத்துப் பார்ப்பதும் நல்லது.

லினன் முதலில் கொஞ்சம் முரடாக இருக்கும், துவைக்கத் துவைக்க மென்மையாகும். சணல் பைக்கும் கூடைக்கும் ஏற்றது. வாழைநாரையும் விட்டுவிட முடியாது. சென்னையை அடுத்த அனகாபுத்தூர் நெசவாளர்கள் வாழைநார் கலந்து சேலைகளே நெய்திருக்கிறார்கள்.

'பேம்பூ', 'மில்க் காட்டன்' எல்லாம் இயற்கைதானே?

இங்கேதான் கவனம் வேண்டும். 'பேம்பூ' என்று விற்கப்படும் மென்மையான நூலில் பெரும்பாலானவை மூங்கிலில் இருந்து நேரடியாக உரித்தெடுத்த நார் அல்ல. மூங்கில் கூழை ரசாயனத்தில் கரைத்து, மறுபடியும் இழையாக இழுத்த விஸ்கோஸ் ரேயான். ரேயான் துணியை 'பேம்பூ' என்றும் சுற்றுச்சூழலுக்கு உகந்தது என்றும் சொல்லி விற்றதாக அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்குகளில், 2022ஆம் ஆண்டு இரண்டு பெரிய சில்லறை விற்பனை நிறுவனங்கள் மொத்தம் 55 லட்சம் டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டன.

பொம்மை பின்ன அதிகம் விற்கும் 'மில்க் காட்டன்' நூலும் பல நேரங்களில் பருத்தியும் அக்ரிலிக்கும் கலந்ததுதான். முன்பக்கப் பெயரை விட்டுவிட்டு, லேபிளின் பின்பக்கம் இருக்கும் சதவீதத்தைப் பாருங்கள்.

லேபிளே இல்லையா? வீட்டில் கண்டுபிடிப்பது எப்படி?

- பிளீச் சோதனை: சின்னத் துண்டு நூலை, பாத்ரூம் சுத்தம் செய்யும் குளோரின் பிளீச்சில் போட்டு ஒரு இரவு வையுங்கள். சுத்தமான கம்பளியும் பட்டும் கரைந்துவிடும். அக்ரிலிக்கும் பருத்தியும் கரையாது. பிளீச்சோடு ஆசிட்டையோ வேறு எந்த கிளீனரையோ கலக்கவே கூடாது.

- எரித்துப் பார்க்கும் சோதனை: இரண்டு அங்குல நூலை இடுக்கியில் பிடித்து, எவர்சில்வர் தட்டின் மேல், காற்றோட்டமான இடத்தில் வைத்துப் பற்றவையுங்கள். புகையை நேராக முகர வேண்டாம். முடி கருகிய வாசனையும், நசுக்கினால் பொடியாகும் கறுப்புச் சாம்பலும் வந்தால் கம்பளி அல்லது பட்டு. காகிதம் எரிகிற வாசனையும் மெல்லிய சாம்பலும் வந்தால் பருத்தி, லினன் அல்லது ரேயான். உருகி, கறுப்புப் புகை விட்டு, கெட்டியான மணி போல இறுகினால் செயற்கை இழை. குழந்தைகளிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

கலப்பு நூலாக இருந்தால் இரண்டு விதமான அடையாளங்களும் சேர்ந்து வரலாம்.

துவைக்கும்போது என்ன கவனிக்கணும்?

கம்பளி இழையின் மேல் மீன் செதில் போன்ற அடுக்குகள் இருக்கின்றன. சூடான தண்ணீரில் போட்டுக் கசக்கினால் அவை ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு, ஸ்வெட்டர் பொம்மை சைஸுக்குச் சுருங்கிவிடும். மறுபடி பழைய அளவுக்கு வராது. குளிர்ந்த நீர், மென்மையான சோப்பு, பிழியாமல் தட்டையாக விரித்துக் காயவைப்பது என இவ்வளவுதான் விதி. கறை நீக்கும் என்சைம் கலந்த சில டிடர்ஜென்ட்கள் புரதத்தைச் சிதைப்பவை என்பதால், கம்பளிக்கும் பட்டுக்கும் அவை வேண்டாம்.

அக்ரிலிக்கில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் வேறொரு பிரச்சினை உண்டு. 6 கிலோ அக்ரிலிக் துணியை ஒருமுறை மெஷினில் துவைத்தால் 7 லட்சத்துக்கும் அதிகமான நுண்ணிழைகள் தண்ணீரில் கலக்கலாம் என்று பிரிட்டனின் பிளைமவுத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் கணித்தார்கள். அவை மக்காத பிளாஸ்டிக் இழைகள்.

எதற்கு எந்த நூல்?

- பச்சைக் குழந்தையின் உடை: மென்மையான பருத்தி. குளிர்ப் பிரதேசம் என்றால் மெரினோ. முடி உதிரும் அங்கோரா வேண்டாம்.
- சூடான பாத்திரம் பிடிக்கும் துணி: கெட்டியாகப் பின்னிய பருத்தி மட்டும். அக்ரிலிக் உருகி கையைச் சுட்டுவிடும்.
- ஊட்டி, கொடைக்கானல் குளிருக்கு ஸ்வெட்டர், சாக்ஸ்: கம்பளி அல்லது கம்பளி கலந்த நூல்.
- பை, கூடை: சணல், தடிமனான பருத்தி.
- தோரணம், அலங்காரப் பூ, காட்சிக்கு வைக்கும் பொம்மை: அக்ரிலிக் தாராளமாகப் போதும்.

கம்பளி என்று சொல்லி ஏமாற்றினால்?

'100% கம்பளி' என்று பணம் வாங்கிக்கொண்டு வேறு இழையைக் கொடுப்பது, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடவடிக்கை. பில்லையும் லேபிளையும் பத்திரமாக வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம். கம்பளிக்கு 'வுல்மார்க்', பட்டுக்கு 'சில்க் மார்க்' முத்திரைகள் இருக்கின்றனவா என்று பார்ப்பதும் உதவும்.

ஒரு ஸ்வெட்டர் பின்ன வாரக்கணக்கில் உழைப்பு போகிறது. அடுத்த முறை கடையில் "உல்லன் இருக்கா?" என்பதோடு நிறுத்தாமல், "இதுல கம்பளி எத்தனை சதவீதம்?" என்றும் கேட்டுவிடுங்கள்.