பனியில் மலரும் செடி

மலர்களுக்கு உரிய பருவம் இளவேனில் என்பது குளிர் நாடுகளில் பொது விதி. மரங்கள் இலையுதிர்த்து நிற்க, நிலம் பனியில் இறுகும் நாள்களை நோக்கி ஒரு செடி அரும்பு அவிழ்க்குமாயின், அதனை வியவாதார் யார்? வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில் இயல்பாக வளரும் 'விட்ச் ஹேஸல்' என்னும் புதர்ச்செடி அத்தகையது. அதனைத் தோட்டத்தில் பேணும் முறையைக் குறித்து இன்று பேச எண்ணுகிறேன். குளிர்காலம் இன்றியமையாத செடியாதலின் நம் சமவெளிகளில் அது வளராது. எனினும், ஒரு செடியைப் பேண விரும்புவோர் முதலில் அதன் வாழ்க்கையை அறிய வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்றை நான் கண்டதில்லை.

பெயரிலிருந்து தொடங்குவோம். 'விட்ச்' என்றால் சூனியக்காரி என்று மாணவர்கள் படித்திருப்பீர்கள். இங்கே அப்பொருள் இல்லை. எளிதில் வளைவது என்னும் பொருளுடைய பழைய ஆங்கிலச் சொல்லே இவ்வாறு திரிந்தது. இலைகள் ஹேஸல் என்னும் கொட்டை மரத்தின் இலைகளைப் போன்றிருத்தலால் மற்றைச் சொல் சேர்ந்தது. தாவர நூலார் இதனை 'ஹமமேலிஸ்' என்பர். 'ஒருங்கே', 'கனி' என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களால் ஆன பெயர் அது. புதிய பூவும் சென்ற ஆண்டின் காயும் ஒரே கிளையில் ஒருங்கே காணப்படுவதே காரணம்.

காய் முதிர ஓராண்டு ஆவானேன்? அமெரிக்க இனம் அக்டோபர், நவம்பர் மாதங்களில் பூக்கிறது. நான்கு மஞ்சள் இதழ்கள் கசங்கிய நாடாத் துண்டுகள் போல் தோன்றும். மகரந்தம் சூல்முடியைச் சேர்ந்த பின்னரும் கருவுறுதல் நிகழ்வதில்லை. குளிர் முழுவதும் காத்திருந்து, அடுத்த மே மாதத்தை ஒட்டியே நிகழ்கிறது. கோடையில் வளரும் காய் இலையுதிர்காலத்தில் முற்றி, ஓசையுடன் வெடித்து, கரிய விதைகளை 30 அடித் தொலைவுவரை எறிகிறது. அவ்விதைகளும் உடனே முளைப்பதில்லை. பெரும்பாலும் இரண்டு குளிர்காலங்களை மண்ணில் கழித்த பின்னரே முளை விடுகின்றன.

ஆகவே, இதனை வளர்ப்போர்க்கு முதல் தேவை பொறுமை. தோட்டத்தார் பெரிதும் விரும்புவன சீன இனமும், அது ஜப்பானிய இனத்தோடு கலந்து பிறந்த வகைகளும் ஆகும். இவை குளிர்காலத்தின் பிற்பகுதியில் பூப்பன. பாஸ்டன் நகரின் ஆர்னால்டு மரத்தோட்டத்தில் 1928-ஆம் ஆண்டு சீன இனத்தின் விதைகளை ஊன்றினர். எழுந்த நாற்றுகளுட் சில கலப்பின் அடையாளங்களைக் காட்டின. அவற்றுள் சிறந்த ஒன்றுக்கு 'ஆர்னால்டு பிராமிஸ்' என்று பெயரிட்டது 1963-ஆம் ஆண்டில்தான்!

நடும் முறை கடினமன்று. நீர் தேங்காததும் ஈரம் காப்பதும் சற்றே புளிப்புத் தன்மை உடையதுமான மண் வேண்டும். வெயில் படும் இடத்தில் பூ மிகுதி. அரை நிழலையும் செடி பொறுக்கும். பத்து, பன்னிரண்டு அடி அகலம் பரவக்கூடியதாதலால் தொடக்கத்திலேயே இடம் விட வேண்டும். வேர்க்கட்டியின் உயரத்தினும் ஆழமாக நடலாகாது. அடியில் இலைமக்கை மூடாக்காகப் பரப்பி, அது தண்டைத் தொடாதவாறு விலக்கி வைக்க வேண்டும்.

பலர் தவறுவது இதன் பின்னர்த்தான். பூப்பது குளிரில் என்றாலும், அரும்பு உருவாவது அதற்கு முந்தைய கோடையில். அக்கோடையில் வேர் வறண்டால் பூ குன்றும். கோடையின் முடிவில் அழகு கருதிக் கத்தரித்தால் அவ்வாண்டின் அரும்புகளையே வெட்டி எறிகிறோம். நம் குண்டுமல்லிகை புதுத்துளிரில் பூப்பது; அதனால் நவம்பர் இறுதியில் அதனைக் கவாத்து செய்கிறோம். விட்ச் ஹேஸலோ பழைய கிளையில் பூப்பது. பனிக்காலம் கழியும் தறுவாயில், பூ முடிந்து புதுத்துளிர் எழுமுன் கவாத்து செய்தலே தகும், அதுவும் சிறிதளவே.

இன்னொன்றையும் காக்க வேண்டும். விற்பனைக்கு வரும் நல்ல வகைகள் பெரும்பாலும் அமெரிக்க இனத்தின் வேரில் ஒட்டுக் கட்டியவை. ஒட்டுக்குக் கீழே வேர்ச்செடி துளிர்விடும். அத்துளிரை அது தோன்றும் இடத்திலேயே நீக்காவிடில், நாளடைவில் அது மேலோங்கி, ஒட்டிய செடியை நலியச் செய்யும். விரும்பி வாங்கிய செடி மறைந்து வேறொன்று நிற்பதை உரியவர் சில ஆண்டுகள் கழித்தே உணர்வார்.

மாணவர்களே, உங்கள் பள்ளித் தோட்டத்துச் செடிகள் ஒவ்வொன்றும் எந்தத் திங்களில் அரும்பு கட்டுகிறது, பழைய கிளையிலா புதுத்துளிரிலா என்று ஓராண்டு குறித்து வாருங்கள். அக்குறிப்பு கையில் இருந்தால், கத்தரியை எப்போது எடுக்கலாம் என்பதைச் செடியே உங்களுக்குச் சொல்லிவிடும்.