தாய் படுக்கையில், மகள் பிள்ளைத்தாச்சி

யாழ்ப்பாணத்தில் சீதன வீடு பெரும்பாலும் மகளுக்கே போகிறது. அதனால் கலியாணத்துக்குப் பின்னும் தாயும் மகளும் ஒரே வளவுக்குள் இருப்பது வழக்கம். பிள்ளைத்தாச்சிக்குச் சமைத்துப் போடுவதும், பேற்றுக்குப் பின் சரக்கு அரைத்துப் பத்தியக் கறி வைப்பதும் தாயின் பொறுப்பு. அந்தத் தாய்க்கே புற்றுநோயோ பாரிசவாதமோ வந்துவிட்டால் முறை தலைகீழாகிறது. சகோதரர் கனடாவிலோ லண்டனிலோ இருப்பார்கள். காசு வரும், ஆள் வராது. ஆஸ்பத்திரியில் நிற்பதற்கு மிஞ்சுவது மகள்தான்.

பிள்ளைத்தாச்சி நோயாளியின் பக்கமே போகக்கூடாது என்பது வீண் பயம். புற்றுநோய் தொற்றாது. வெளியிலிருந்து கதிர் பாய்ச்சும் சிகிச்சை பெற்றவரின் உடலில் கதிர் தங்குவதில்லை. ஆனால் தைரொயிட் புற்றுநோய்க்காகக் கதிரியக்க அயடின் எடுத்தவரிடமிருந்து, வைத்தியர் சொல்லும் நாள்வரை விலகியிருக்கத்தான் வேண்டும்.

கவனம் அதிகம் தேவைப்படுவது கீமோ சிகிச்சையில். முன்பு இதற்காகக் கொழும்புக்கு அருகே மகரகமவிலுள்ள புற்றுநோய் வைத்தியசாலைக்கு அலைந்த வடபகுதி நோயாளர் பலர் இப்போது தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலைக்குப் போகிறார்கள். அங்குள்ள புற்றுநோய்ச் சிகிச்சை நிலையத்துக்கு, 2011 இல் இலங்கையின் தெற்கு முனையிலிருந்து பருத்தித்துறைவரை நடந்த நிதி நடைப்பயணம் கைகொடுத்தது. மருந்து ஏற்றியவர் அன்றே வீடு திரும்புவதுண்டு. அதன்பின் குறைந்தது 48 மணித்தியாலம் அவருடைய சலத்திலும் மலத்திலும் வாந்தியிலும் மருந்து கலந்திருக்கும். வாந்திச் சட்டியைக் கழுவுவதையும் நனைந்த படுக்கை விரிப்பைத் தோய்ப்பதையும் வேறொருவர் செய்ய வேண்டும். ஆளே இல்லாவிட்டால் கையுறை கட்டாயம். கீமோ குளிசையை வெறுங்கையால் தொடவோ உடைக்கவோ கூடாது.

உடல் எதிர்ப்புக் குறைந்த நோயாளிக்கு அக்கி வருவதுண்டு. கொப்பளிப்பான் வராத பிள்ளைத்தாச்சிக்கு அதிலிருந்து கொப்பளிப்பான் தொற்றலாம்; கர்ப்ப காலத்தில் அது கடுமையாகலாம். அம்மாள் வருத்தமென்று வேப்பிலை கட்டிப் பேசாமல் இருந்தால் நாள் போய்விடும். எதிர்ப்புப் புரத ஊசி (இம்யூனோகுளோபுலின்) தேவையென்றால், தொடர்பு ஏற்பட்டு 10 நாளுக்குள் போட்டாக வேண்டும். நோயாளிக்குச் சயரோகமென்றால், வீட்டில் கர்ப்பிணி இருப்பதை மார்புநோய்ச் சிகிச்சை நிலையத்தில் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

பாரிசவாத நோயாளியைத் தூக்குவது வேறு கதை. கர்ப்பத்தில் மூட்டிணைப்புகள் தளர்ந்து, முதுகுக்குப் பாரம் கூடுகிறது. நோயாளியைத் தனியே தூக்கிக் கதிரையில் இருத்துவது இரண்டு பேருக்குமே ஆபத்து. ஒரு துணியை அடியில் விரித்து இருவராக இழுப்பது நல்லது.

இந்த வேலைகளுக்கிடையில் முதலில் தவறிப்போவது பிள்ளைத்தாச்சியின் சொந்தக் கர்ப்பிணிக் கிளினிக்தான். வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் நிலைமையைச் சொன்னால் அவர் வழி பார்ப்பார். இரத்தம் படுதல், நீர் உடைதல், கண் மங்கும் தலையிடி, பிள்ளையின் துடிப்புக் குறைதல் எதுவானாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 1990 ஐ அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். வடக்கில் இச்சேவை 2018 இல் தொடங்கியது.

வெளிநாட்டிலிருக்கும் சகோதரர் அனுப்பும் காசில், கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்துக்காவது இரவில் நிற்க ஒரு ஆளை ஒழுங்கு செய்து கொடுக்கட்டும்.