மரை பிடிக்கும், ரிங் அடைக்கும்

சன்னல் கண்ணாடி கழுவும் நீர்க்கம்பக் கருவியில் குழாய்வாயிலிருந்து தூரிகை வரை ஏழெட்டு இணைப்புகளாவது இருக்கும். குழாயோடு ஹோஸ் சேரும் இடம், வடிகட்டியின் நுழைவாயும் வெளிவாயும், பம்பின் இரு பக்கங்கள், ஹோஸ் சுற்றும் உருளை, கம்பத்தின் அடி, தூரிகையின் தலை என்று அவை வரிசையாக வரும். ஹோஸ் நடுவில் பொத்துக்கொள்வது அரிது. தண்ணீர் கசிவது பெரும்பாலும் இந்த இணைப்புகளில்தான்.

கருவி வேலை செய்யும் விதம் எளிது. குழாய்த் தண்ணீரில் கரைந்துள்ள தாது உப்புகளை வடிகட்டி நீக்கிவிடுகிறது. அந்தச் சுத்த நீர் நீளக் கம்பத்தின் உள்ளே மெல்லிய ஹோஸ் வழியே ஏறித் தூரிகையில் பாய்கிறது. உப்பு இல்லாததால் துடைக்காமலே கண்ணாடி புள்ளியின்றிக் காயும். ஆள் தரையில் நின்றபடியே நாலைந்து மாடி வரை கழுவலாம். ஜோகூர் பாருவின் வரிசை வீடுகளுக்கும் கடைவீடுகளுக்கும் கொண்டோக்களின் கீழ்த்தளங்களுக்கும் இது பொருந்தும். 2006இல் இஸ்கந்தார் மலேசியா திட்டம் தொடங்கிய பின் எழுந்த உயர்ந்த கோபுரங்களின் மேல்தளங்களுக்குக் கயிறும் தொங்குமேடையும்தான் வழி.

ஒழுகுவது சாதாரணத் தண்ணீர் அல்ல என்பதை முதலில் கவனிக்க வேண்டும். எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் ஒரு லிட்டர் சுத்த நீர் எடுக்க, ஒரு லிட்டரோ அதற்கு மேலோ கழிவாகப் போகும். ரெசின் வடிகட்டியிலோ ஓடும் ஒவ்வொரு லிட்டருக்கும் ரெசினின் ஆயுள் குறையும். வடிகட்டிக்குப் பின்னால் ஓர் இணைப்பு பத்து நிமிடத்துக்கு ஒரு கோப்பை, அதாவது 200 மில்லிலிட்டர், ஒழுகினால் எட்டு மணி நேர வேலையில் 9.6 லிட்டர் வீணாகும். ஜோகூருக்கு இது சிறிய கணக்கு அல்ல. 1962ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி ஜோகூர் ஆற்றிலிருந்து சிங்கப்பூர் நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் வரை எடுக்கலாம். அந்த ஒப்பந்தம் 2061 வரை நீடிக்கும். அந்த ஆற்றுக்கு நீர் விடும் லிங்கியூ நீர்த்தேக்கம் 2016 அக்டோபரில் கொள்ளளவில் 20 விழுக்காட்டுக்கு இறங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு சுங்கை லாயாங் அணை வற்றியபோது ஜோகூர் பாரு வட்டாரத்தில் முறை வைத்தே தண்ணீர் விடப்பட்டது.

மூன்று வகை இணைப்புகள்

எந்த இணைப்பிலும் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஒன்று, இரு பகுதிகளையும் பிரியாமல் பிடித்துவைப்பது. மற்றொன்று, இடைவெளியை அடைப்பது. பிடிப்பதை மரையோ பல்லோ கிளிப்போ செய்கிறது. அடைப்பதைப் பெரும்பாலும் மென்மையான ரப்பர் செய்கிறது. இரண்டையும் ஒன்றாக நினைத்து, கசிந்தவுடன் ஸ்பேனரால் இறுக்குவதே பலரும் செய்யும் தவறு. தேய்ந்த ரப்பர் இறுக்கினால் புதிதாகாது. பிளாஸ்டிக் மரைதான் வெடிக்கும்.

முதல் வகை மரை இணைப்பு. மலேசியாவில் குழாய்களுக்குப் பிரிட்டிஷ் அளவு மரையே வழக்கம். அதில் ‘அரை அங்குலம்’ என்பது வெறும் பெயர். ஸ்கேல் வைத்து வெளிவிட்டத்தை அளந்தால் ஏறத்தாழ 21 மில்லிமீட்டர் வரும். ‘முக்கால் அங்குலம்’ 26.4 மில்லிமீட்டர். அமெரிக்கத் தோட்ட ஹோஸ் மரையும் முக்கால் அங்குலம் என்றே விற்கப்படுகிறது. அதன் விட்டம் 27 மில்லிமீட்டர். ஓர் அங்குலத்துக்குப் பதினொன்றரை மரை. பிரிட்டிஷ் முக்கால் அங்குலத்தில் 14 மரை. இணையத்தில் வாங்கிய அமெரிக்க இணைப்பு உள்ளூர்க் குழாயில் ஒன்றிரண்டு சுற்று ஏறும், பிறகு சிக்கும். எவ்வளவு இறுக்கினாலும் அது ஒழுகாமல் இருக்காது.

பிரிட்டிஷ் மரையிலும் நேர் மரை, கூம்பு மரை என இரண்டு உண்டு. கூம்பு மரையில் மரையே அடைப்பு. அதற்கு டெஃப்லான் டேப் சுற்ற வேண்டும். நேர் மரையில் அடைப்பது உள்ளே கிடக்கும் தட்டை வாஷர். அங்கே டேப் சுற்றுவதால் பயனில்லை. சில சமயம் அது மரையைத் தடிக்க வைத்து, வாஷர் சரியாக அமராமல் செய்துவிடும். டேப் சுற்றும்போது மரையின் முனை நம்மைப் பார்த்திருக்க, கடிகாரம் சுற்றும் திசையில் சுற்ற வேண்டும். மாற்றிச் சுற்றினால் திருகும்போதே அவிழும்.

இரண்டாவது வகை ‘கிளிக்’ என்று பொருந்தும் சொருகு இணைப்பு. உள்ளே இருக்கும் பற்கள் பிடிக்கின்றன; சொருகு முனையில் உள்ள ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் அடைக்கிறது. ஹோஸ் நுழையும் பக்கத்தில் நட்டை இறுக்கினால் விரல் போன்ற பற்கள் ஹோஸைக் கவ்வும். 12.5 மில்லிமீட்டர் ஹோஸுக்கான இணைப்பில் 15 மில்லிமீட்டர் ஹோஸைத் திணிப்பது அடிக்கடி நடக்கும் பிழை. ஹோஸின் முனையைக் கூரிய கத்தியால் நேராக வெட்டினால்தான் அது அடிவரை சென்று உட்காரும்.

மூன்றாவது, முள்முனையும் கிளிப்பும். கம்பத்துக்குள் போகும் 6 அல்லது 8 மில்லிமீட்டர் மெல்லிய ஹோஸுக்கு இதுவே ஏற்றது. ஹோஸ் முனையைச் சுடுநீரில் சற்று வைத்தால் இளகி எளிதாக ஏறும். கிளிப்பை ஹோஸின் விளிம்பிலேயே போடாமல், முதல் முள்ளுக்குப் பின்னால் போட வேண்டும். திருகு கிளிப் சிறிய ஹோஸை வட்டமாக அமுக்காது. ஓரிடத்தில் மடிப்பு விழும். குறடால் காதை நெரித்து இறுக்கும் கிளிப் அதற்குப் பொருந்தும்.

எந்த உலோகம், எந்த ரப்பர்

உப்பு நீக்கிய நீர் உலோகத்தை மெல்ல அரிக்கும். பித்தளையிலிருந்து துத்தநாகத்தைப் பிரித்தெடுக்கும் இயல்பு அதற்கு உண்டு. எனவே வடிகட்டிக்கு முன்னால் பித்தளை நல்லது. பின்னால் தரமான பிளாஸ்டிக்கோ துருப்பிடிக்காத எஃகோ நெடுநாள் நிற்கும். முலாம் பூசிய துத்தநாகக் கலவை பார்வைக்கு எஃகு போலவே இருக்கும். கீறல் விழுந்ததும் வெள்ளையாகப் பூக்கும். டங்கா பே, பாசிர் கூடாங் போன்ற கடலோர இடங்களில் உப்புக்காற்று இதை விரைவுபடுத்தும். பித்தளைக் குழாயில் அலுமினிய இணைப்பைத் திருகிவிட்டு மாதக்கணக்கில் விட்டால் இரண்டும் ஒட்டிக்கொண்டு கழற்ற வராது.

ஓ-ரிங் ரப்பரில் இரண்டு வகைகள் அதிகம் புழங்குகின்றன. நைட்ரைல் ரப்பர் எண்ணெய்க்குத் தாங்கும், வெயிலில் வெடிக்கும். ஈ.பி.டி.எம். வெயிலுக்கும் சுடுநீருக்கும் தாங்கும். எண்ணெய் பட்டால் ஊதிப்போகும். வழுக்குவதற்காக வாசலின் தடவினால் ஈ.பி.டி.எம். ரிங் பெருத்து, இணைப்புக்குள் பிதுங்கிக் கிழியும். சிலிகான் கிரீஸ் இரண்டுக்கும் பாதுகாப்பானது. பட்டாணி அளவு பல ரிங்குகளுக்குப் போதும். ரிங் வாங்க ஹார்ட்வேர் கடைக்குப் போகும்போது பழைய ரிங்கையும் எடுத்துச் செல்வது நல்லது. உள்விட்டமும் தடிப்பும் ஒன்றாகப் பொருந்த வேண்டும்.

கசிவைக் கண்டறிதல்

குழாய்ப்பக்கம் தொடங்கித் தூரிகை நோக்கி ஒவ்வோர் இணைப்பாக உலர்ந்த தாளால் துடைத்துப் பார்த்தால் ஈரம் முதலில் தோன்றும் இடம் தெரியும். நட்டின் விளிம்பில் ஈரம் வந்தால் வாஷரையும், சொருகும் இடத்தில் வந்தால் ஓ-ரிங்கையும், ஹோஸின் வாயில் வந்தால் வெட்டையும் கிளிப்பையும் பார்க்க வேண்டும்.

பம்பின் உறிஞ்சு பக்கம் மட்டும் விதிவிலக்கு. அங்கே இணைப்பு தளர்ந்தால் தண்ணீர் வெளியே வராது. காற்று உள்ளே போகும். பம்பு விட்டு விட்டு உறுமும். தூரிகையில் நீர் குமிழியோடு துப்பும். கம்பம் 10 மீட்டர் உயர்ந்தால் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் உயரத்துக்கே செலவாகிவிடும். எனவே கீழே சிறு கசிவு இருந்தாலும் மேலே ஓட்டம் மெலியும்.

பராமரிப்பு

வேலை முடிந்ததும் குழாயை மூடி, தூரிகை வழியே அழுத்தத்தை வெளியேற்றிய பிறகே இணைப்பைக் கழற்ற வேண்டும். அழுத்தத்தோடு வெயிலில் விட்ட ஹோஸுக்குள் நீர் சூடாகி விரியும். ஹோஸ் இளகி ஊதும். இணைப்பு தெறித்துக் கழலும். கழற்றிய முனைகளை மணலில் போடாமல் மூடி வைக்க வேண்டும். ஒரு மணல் துகள் ஓ-ரிங்கில் கீறினால் அந்தக் கீறலே அடுத்த கசிவுக்கு வழி.

வாரம் ஒரு முறை ரிங்குகளைத் துடைத்து, வெடிப்போ தட்டையான தேய்வோ இருக்கிறதா என்று பார்த்து, சிலிகான் கிரீஸ் தடவினால் போதும். உருளைக்கு அடியிலும் வாளியிலும் தேங்கிய நீரை அப்போதே கொட்டிவிடலாம். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏறத்தாழ 7 முதல் 10 நாள் ஆகும். வாராந்தரச் சோதனை அதை முந்திக்கொள்ளும். ஹோஸின் முனை தளர்ந்திருந்தால் இரண்டு விரற்கடை வெட்டிவிட்டு மீண்டும் பொருத்தலாம். தட்டையாகிவிட்ட ரிங்கைத் திருப்பிப் போட்டுப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். நாலைந்து ஓ-ரிங்குகளும் இரண்டு வாஷர்களும் ஒரு தீப்பெட்டியில் அடங்கும்.