சிமுலேட்டர் சீனரிக்கு ₹9,640 செலவு பண்ணினேன்... தேவைப்பட்டது ஒரு வரியை இடம் மாத்துறது மட்டும்தான்!



வழக்கமா இங்கே டாக்ஸ், இன்சூரன்ஸ், எஸ்ஐபி-ன்னுதான் பேசுவோம். இன்னைக்கு என்னோட சொந்தச் செலவுக் கணக்கைத் திறந்து காட்டப் போறேன். ஒரு சிஏ-வா இதைச் சொல்ல கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கு. ஆனா இந்தத் தப்பை நான் மட்டும் பண்ணியிருக்க மாட்டேன்னு தெரியும், அதனால சொல்றேன்.

எனக்கு ஃபிளைட் சிமுலேட்டர் பைத்தியம் உண்டு. ராத்திரி பசங்க தூங்கினதும் ஒரு மணி நேரம் எக்ஸ்-பிளேன் போட்டு சென்னையிலிருந்து கிளம்புவேன். மார்ச் முடிஞ்சு, வீட்டுக் கணக்கை எக்செல்ல போட்டப்போ, கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட்ல 4 டாலர் என்ட்ரி கண்ணுல பட்டுச்சு. நாலுமே சீனரி ஆட்-ஆன். கூட்டினா ₹9,640. பக்கத்துல இருந்த மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க: "உங்க க்ளையன்ட் இப்படிச் செலவு பண்ணியிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

பதில் இல்ல. ஏன்னா அந்த நாலுல ஒண்ணுகூட எனக்குத் தேவையே இல்லைன்னு அதுக்கு ஒரு வாரம் முன்னாடிதான் கண்டுபிடிச்சிருந்தேன்.

நடந்தது என்ன?

சிமுலேட்டர்ல சீனரின்னா நீங்க பறக்குறப்போ கீழே தெரியுற நிலம், ரோடு, கட்டடம், ஏர்போர்ட் எல்லாம்தான். எக்ஸ்-பிளேன்ல கூடவே வர்ற நிலம் சுமாரா இருக்கும். அதுக்கு மேல சாட்டிலைட் படத்தை விரிச்சா நிஜ ஊர் மாதிரியே தெரியும். இதுக்கு ஆர்த்தோ-ன்னு பேரு. ஆர்த்தோ4எக்ஸ்பி-ன்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு, அதை வச்சு நாமே தயார் பண்ணிக்கலாம்.

நான் சென்னை - சிங்கப்பூர் பறக்கணும்னு சிங்கப்பூருக்கு ஆர்த்தோ போட்டேன். நிலம் அருமையா வந்துச்சு. ஆனா சாங்கி ஏர்போர்ட்ல இறங்கினா ரன்வே இருக்கு, டெர்மினல் இல்ல! கட்டடமே இல்லாத பொட்டல் காடு, மேல தட்டையா ஒரு ஃபோட்டோ.

"இலவசமா வர்ற ஏர்போர்ட் இப்படித்தான் இருக்கும்"னு நானா முடிவு பண்ணி, காசு கொடுத்து ஒரு சாங்கி பேக்கேஜ் வாங்கினேன். போட்டேன். டெர்மினல் வந்துடுச்சு! காசு கொடுத்தா வேலை நடக்குதுன்னு மனசுல பதிஞ்சுபோச்சு. அப்புறம் துபாய், ஹீத்ரோ, ஃபிராங்க்ஃபர்ட். ஒவ்வொரு இடத்துலயும் அதே கதை: ஆர்த்தோ போட்டதும் கட்டடம் காணாம போகும், பேக்கேஜ் வாங்கினதும் திரும்ப வரும்.

பிறகு ஒரு சனிக்கிழமை, டிஸ்க்ல இடம் பத்தலைன்னு ஆர்த்தோ ஃபோல்டர்களை எல்லாம் வெளி எஸ்எஸ்டி-க்கு மாத்தி, பழைய இடத்துல ஷார்ட்கட் வச்சேன். சிமுலேட்டரைத் திறந்தா, காசு கொடுத்து வாங்கின நாலு ஏர்போர்ட்லயும் கட்டடம் காலி!

அப்பதான் உறைச்சுது. பிரச்சினை இலவசமா, காசா-ங்கறது இல்ல. வரிசை.

எக்ஸ்-பிளேன் எப்படிப் படிக்குது?

எக்ஸ்-பிளேன் ஃபோல்டருக்குள்ள கஸ்டம் சீனரி-ன்னு ஒரு ஃபோல்டர் இருக்கும். எந்த ஆட்-ஆன் ஆனாலும் அன்ஜிப் பண்ணி அங்கே போட்டா இன்ஸ்டால் முடிஞ்சது. அதே இடத்துல சீனரி பேக்ஸ்-ன்னு ஒரு ஐஎன்ஐ ஃபைல் இருக்கும். நோட்பேட்ல திறந்தா ஒரு ஆட்-ஆனுக்கு ஒரு வரி. மேல இருக்கிற வரிக்குத்தான் முன்னுரிமை.

இங்கே மூணு விஷயம் புரிஞ்சா போதும்.

1. சீனரில ரெண்டு ஜாதி உண்டு. ஒண்ணு அடித்தளம், அதாவது நிலம். ஆர்த்தோ இந்த வகை. இன்னொண்ணு அதுக்கு மேல வைக்கிற பொருள்: கட்டடம், ரோடு, மரம், டெர்மினல்.

2. மேல வைக்கிற பொருள் எத்தனை வேணா ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கலாம். ஆனா ஒரு கட்டத்துக்கு அடித்தளம் ஒண்ணுதான். எக்ஸ்-பிளேன் மேலிருந்து படிச்சுக்கிட்டே வரும், அடித்தளத்தைப் பார்த்ததும் அந்தக் கட்டத்துக்கு நிறுத்திடும். அதுக்குக் கீழே எழுதியிருக்கிற கட்டடம் எதையும் ஏத்தாது. ரன்வே தகவல் வேற ஃபைல்லேருந்து வர்றதால அது மட்டும் தப்பிச்சுக்கும். 'ரன்வே இருக்கு, டெர்மினல் இல்ல'ங்கற அறிகுறிக்குக் காரணம் இதுதான்.

3. புதுசா எதைப் போட்டாலும் எக்ஸ்-பிளேன் அதை லிஸ்ட்டோட தலையில எழுதும்.

இப்ப என் கதையைத் திரும்பப் பாருங்க. ஆர்த்தோ போட்டேன், அது தலைக்குப் போச்சு, கீழே இருந்த இலவச டெர்மினல் மறைஞ்சுது. காசு கொடுத்து வாங்கினது அதுக்கும் மேல உட்கார்ந்துச்சு, தெரிஞ்சுது. எஸ்எஸ்டி-க்கு மாத்தினதும் ஷார்ட்கட்டைப் புதுசுன்னு நினைச்சு ஆர்த்தோவை மறுபடி தலையில வச்சுடுச்சு, எல்லாம் போச்சு. நான் காசு கொடுத்து வாங்கினது டெர்மினலை இல்ல, லிஸ்ட்ல முதல் இடத்தை! அந்த இடம் நோட்பேட்ல கட்-பேஸ்ட் பண்ணினா சும்மா கிடைக்கும்.

சரியான வரிசை (மேலிருந்து கீழே)

- தனியா இறக்கின அல்லது வாங்கின ஏர்போர்ட்கள்
- குளோபல் ஏர்போர்ட்ஸ் (எக்ஸ்-பிளேனோட வர்றது)
- லேண்ட்மார்க் பேக்குகள்
- சிம்ஹெவன் எக்ஸ்-வேர்ல்ட் மாதிரி ஊர் முழுக்கக் கட்டடம் தர்ற பேக்குகள் (இது இலவசம்)
- ஆர்த்தோ4எக்ஸ்பி தர்ற ஓவர்லே ஃபோல்டர். ரோடும் மரமும் இதுலதான் இருக்கு, இதைப் போடாம விட்டா ஊரே தட்டையாத் தெரியும்
- ஆர்த்தோ கட்டங்கள்
- வேற மெஷ் ஏதாவது இருந்தா கடைசில

லைப்ரரி ஃபோல்டர்கள் பெரும்பாலும் எந்த இடத்துல இருந்தாலும் பரவாயில்ல, ஆனா இருக்கணும். ஏர்போர்ட் பண்ணினவர் ஓப்பன்சீனரிஎக்ஸ் மாதிரி இலவச லைப்ரரிலேருந்து பொருள்களை எடுத்துப் பயன்படுத்தியிருப்பார். அது உங்ககிட்ட இல்லைன்னா சீனரி ஏத்துறதுல பிரச்சினைன்னு ஒரு எச்சரிக்கை வரும். எது குறையுதுன்னு லாக் ஃபைல்ல எழுதியிருக்கும். பயந்துபோய் வேற பேக்கேஜ் வாங்காதீங்க, லாக் ஃபைலைப் படிங்க.

மாத்தும்போது சிமுலேட்டரை மூடிட்டு, ஐஎன்ஐ ஃபைலுக்கு ஒரு காப்பி எடுத்து வச்சுட்டு மாத்துங்க. புதுசா எதையாவது போட்டா, ஒருமுறை சிமுலேட்டரைத் திறந்து மூடி, பிறகு அந்த வரி எங்கே போய் உட்கார்ந்திருக்குன்னு பாருங்க. இந்த ஒரு பழக்கம் போதும்.

ஆர்த்தோ4எக்ஸ்பி கட்டங்களோட பேர் ஏன் 'இசட்' எழுத்துல ஆரம்பிக்குதுன்னு எனக்கு ரொம்ப நாள் புரியல. ஐஎன்ஐ ஃபைலை அழிச்சா எக்ஸ்-பிளேன் அகர வரிசைல புதுசா எழுதும், அப்போ ஆர்த்தோ தானா கடைசிக்குப் போகணும்னுதான். ஓவர்லே ஃபோல்டர் 'ஒய்'ல ஆரம்பிக்கிறதும் அதே காரணம். பதில் கண்ணு முன்னாடியே இருந்திருக்கு!

சென்னைக்காரங்க கவனிக்க

ஆர்த்தோ கட்டம் ஒண்ணு 1 டிகிரிக்கு 1 டிகிரி. அதோட தென்மேற்கு மூலைதான் கட்டத்தோட பேர். சென்னை நகரம் 13.08 டிகிரி வடக்குன்னு பார்த்து +13+080 கட்டத்தைத் தயார் பண்ணினேன். ஒரு ராத்திரி முழுக்க ஓடுச்சு. காலைல பார்த்தா சென்ட்ரல், மெரினா எல்லாம் ஜோரா இருக்கு, மீனம்பாக்கம் மட்டும் பழைய மாதிரியே கிடக்கு. காரணம், 13 டிகிரி கோடு கிண்டிக்கும் மீனம்பாக்கத்துக்கும் நடுவுல போகுது. ஏர்போர்ட் கோட்டுக்குத் தெற்கே இருக்கு. அதுக்கு +12+080 வேணும். சென்னைல இறங்கணும்னா ரெண்டு கட்டமும் வேணும்.

ஹீத்ரோவுக்கும் இதே மாதிரி ஒரு பொறி உண்டு. அது கிரீன்விச்சுக்கு மேற்கே இருக்கிறதால கட்டம் +51-001, +51+000 இல்ல.

இன்னொண்ணு, ஜூம் லெவல். 16-லேருந்து 17-க்கு ஒரு படி ஏத்தினா படம் நீளத்துல ரெண்டு மடங்கு, அகலத்துல ரெண்டு மடங்கு, ஆக மொத்தம் நாலு மடங்கு டேட்டா. ஊர் பூரா 17 போட்டுட்டு டிஸ்க் பத்தலைன்னு புது எஸ்எஸ்டி வாங்காதீங்க. ஏர்போர்ட்டைச் சுத்தி மட்டும் கூட்டி வச்சுக்கிட்டு மத்த இடத்துக்கு 16 போட வசதி இருக்கு.

மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் வச்சிருக்கிறவங்களுக்கு இந்த ஆர்த்தோ வேலையே இல்ல, நிலப்படம் இன்டர்நெட் வழியா வந்துடும். ஆட்-ஆனை கம்யூனிட்டி ஃபோல்டர்ல போட்டா போதும். ஆனா ஒரே ஏர்போர்ட்டுக்கு ரெண்டு ஆட்-ஆன் கிடந்தா அங்கேயும் மோதும். ஒண்ணை வெளியே எடுத்து வச்சுப் பாருங்க.

25 டாலர்னா உண்மையில எவ்வளவு?

இது என் ஏரியா. டாலர் ₹85-ன்னு ஒரு கணக்குக்கு வச்சுக்குவோம்.

- 25 டாலர் பேக்கேஜ்: ₹2,125
- வெளிநாட்டுக் கடை 18% ஜிஎஸ்டி போட்டா: ₹382.50
- மொத்தத் தொகை மேல கார்டு ஃபாரெக்ஸ் மார்க்கப் 3.5%: சுமார் ₹88
- அந்த மார்க்கப் மேல 18% ஜிஎஸ்டி: சுமார் ₹16
- ஆக மொத்தம்: சுமார் ₹2,611

மனசுல ₹2,125-ன்னு நினைச்சு கிளிக் பண்றோம், போறது அதைவிட ₹486 கூட. கிட்டத்தட்ட 23%. மார்க்கப் கார்டுக்குக் கார்டு மாறும், உங்க கார்டுல எவ்வளவுன்னு கட்டண அட்டவணைல பாருங்க. ஆஃபர்ல 20% தள்ளுபடின்னு வாங்கினாலும், இந்தச் செலவைச் சேர்த்தா மிச்சமாகிறது கொஞ்சம்தான்.

அதுக்காக டெலிகிராம்ல ஓசில சுத்துற கிராக் காப்பி பக்கம் போகாதீங்க. நெட் பேங்கிங் பண்ற அதே கம்ப்யூட்டர்ல எவனோ தர்ற ஃபைலை ஓட்டுறது, ₹2,611 மிச்சம் பிடிக்க மொத்த அக்கவுன்ட்டையும் பணயம் வைக்கிற வேலை. நேர்மையான இலவசமே நிறைய இருக்கு. எக்ஸ்-பிளேன் சீனரி கேட்வே-ல பயனர்களே ஏர்போர்ட் பண்ணிக் கொடுக்கிறாங்க, அப்டேட்லயும் அது வருது. விஓஎம்எம், விஓசிபி மாதிரி நாலெழுத்து கோடு போட்டுத் தேடுங்க. காசு கொடுத்து வாங்குறதுக்கு முன்னாடி உங்க ஊர் அங்கே இருக்கான்னு பார்த்துடுங்க.

இப்ப நான் வச்சிருக்கிற விதி

வாங்குறதுக்கு முன்னாடி மூணு கேள்வி. என்கிட்ட ஏற்கெனவே இருக்கிறது ஏன் வேலை செய்யலைன்னு கண்டுபிடிச்சேனா? இலவசமானதை சரியான வரிசைல வச்சுப் பார்த்தேனா? இந்த ஏர்போர்ட்டுக்கு மாசம் ஒருமுறையாவது பறப்பேனா? மூணுக்கும் ஆமான்னா மட்டும் கார்டு. வருஷத்துக்கு ₹4,000, தனி அக்கவுன்ட்ல. தீர்ந்தா அடுத்த ஏப்ரல்தான். நல்ல பேக்கேஜ் பண்றவங்க உழைப்புக்குக் காசு கொடுக்கிறதுல எனக்கு வருத்தமே இல்ல. காரணம் தெரியாம கொடுத்ததுலதான் வருத்தம்.

ஆபீஸ்ல என் டேபிளுக்கு எதிர்ல உட்கார்றவங்ககிட்ட தினமும் பார்க்கிறதும் இதேதான். எஃப்டி-ல 7% வட்டிக்குப் பணம் கிடக்கும், அதே ஆளுக்கு கிரெடிட் கார்டு பாக்கி மாசம் 3.5% வட்டியில ஓடிக்கிட்டிருக்கும். அஞ்சு எஸ்ஐபி இருக்கும், டேர்ம் இன்சூரன்ஸ் இருக்காது. "சார், இன்னும் எதுல போடலாம்?"னுதான் கேட்பாங்க. புதுசா எதுலயும் போட வேண்டாம், இருக்கிறதை வரிசை மாத்துங்கன்னு நான் சொல்வேன். அவங்களுக்கு அவ்வளவு தெளிவா சொல்லிட்டு, வீட்டுக்கு வந்து ராத்திரி 11 மணிக்கு நான் அதையே பண்ணிக்கிட்டிருந்தேன்.

அந்த ₹9,640 திரும்ப வராது, டிஜிட்டல் பொருளுக்கு ரீஃபண்ட் கிடைக்கல. எக்செல்ல அதை 'பொழுதுபோக்கு'ங்கற தலைப்புல எழுதலாம்னு பார்த்தேன். மனைவி 'பயிற்சிக் கட்டணம்'னு மாத்திட்டாங்க. சரியான தலைப்புதான்!

இந்த வாரம் உங்க ஹாபி செலவை ஒருமுறை கூட்டிப் பாருங்க. எக்ஸ்-பிளேன் வச்சிருந்தா அந்த ஐஎன்ஐ ஃபைலையும் திறந்து பாருங்க. வரியை எப்படி மாத்துறதுன்னு திரையில காட்டி நம்ம சேனல்ல ஒரு வீடியோவும் போடுறேன். அடுத்த பதிவுல சந்திப்போம்.