கரையில் போட்ட மீனா நாம்?

"கரையில் போட்ட மீன் மாதிரி இருக்கிறேன்" என்று பிழைக்க வந்த இடத்தில் சொல்லாத தமிழர் இல்லை. பாஷை வேறு, சோறு வேறு. போதாக்குறைக்குப் "பாண்டி" என்ற பட்டம்.

ஆனால் கொச்சிக்கு வெளியூரார் புதியவர்கள் அல்ல. மட்டாஞ்சேரியில் 1568ல் எழுந்த யூதர் ஜெபாலயத்துக்கே பரதேசி ஜெபாலயம் என்றுதான் பெயர்.

நம்மவர்களைப் பார்க்க, பக்கத்தில் போர்ட் கொச்சி தோபிகானாவுக்குப் போக வேண்டும். 1663ல் கொச்சியைப் பிடித்த டச்சுக்காரர்கள், பட்டாளத்தின் உடுப்புகளை வெளுக்கத் தமிழகத்திலிருந்து வண்ணார்களைக் கூட்டி வந்தார்கள். 1795ல் டச்சுக்காரர் போனார்கள். 1947ல் ஆங்கிலேயரும் போனார்கள். வெளுக்க வந்தவர்கள் போகவில்லை. அவர்கள் வம்சத்தார் இன்றும் கல்லில் துவைக்கிறார்கள், கஞ்சி போடுகிறார்கள், கயிற்றின் முறுக்கில் துணி நுனியைச் செருகி, கிளிப் இல்லாமலே காய வைக்கிறார்கள். வெளியே மலையாளம், வீட்டுக்குள் தமிழ்.

இப்போது வாஷிங் மெஷின் வந்துவிட்டது. இளையவர்கள் வேறு வேலை தேடுகிறார்கள். அது காலத்தின் போக்கு. ஆனால் இவர்களை இந்த ஊருக்கு ஒட்டாதவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. கரையில் போட்ட மீன் பிழைக்காது. மனிதன் தொழிலைப் பிடித்துக்கொண்டு பிழைத்துவிடுகிறான். தன் பாஷையையும் விடுவதில்லை.