சாற்றில் தொலையும் பழம்

தாமிரவருணி கடலைச் சேர்வதற்கு முன் கடைசியாகத் தேக்கப்படுவது ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில்தான். அங்கிருந்து பிரியும் வடகால், தென்கால் பாசனத்தில் நெல்லோடு சேர்ந்து தழைப்பது வாழை. நாடு, சக்கை, கோழிக்கூடு, கற்பூரவல்லி எனத் தார்தாராகப் பழம் விளையும் இந்தப் பகுதியிலும் பெட்டிக் கடையில் குழந்தைகள் கேட்பது அட்டைப் பெட்டியில் அடைத்த பழ பானத்தைத்தான். பழம்தானே, உடலுக்கு நல்லது என்று பெற்றோரும் வாங்கித் தருகின்றனர்.

அந்தப் பெட்டிக்குள் பழம் எவ்வளவு? அருந்துவதற்குத் தயாரான பழ பானத்தில் குறைந்தது 10 சதவீதம் பழச்சாறு இருந்தால் போதும் என்கின்றன இந்திய உணவுத் தர விதிகள். எலுமிச்சை பானத்துக்கு 5 சதவீதமே போதுமானது. மீதியில் பெரும்பகுதி தண்ணீரும் சர்க்கரையும். 100 மில்லிக்கு 10 கிராமுக்கு மேல் சர்க்கரை எனப் பல பானங்களின் உறையிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. அப்படியானால், 200 மில்லி பெட்டி ஒன்றில் நான்கு தேக்கரண்டிச் சர்க்கரை.

நோய்த் தடுப்புக்கு உதவும் உணவுகளைச் 'செயல்பாட்டு உணவுகள்' என வகைப்படுத்தும் கருத்து 1980-களில் ஜப்பானில் உருவானது. 1991-இல் அந்நாடு அதற்குச் சட்ட அங்கீகாரமும் அளித்தது. நமது உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டம் (2006) இத்தகைய உணவுகளைத் தனிப் பிரிவாகவே குறிப்பிடுகிறது. கருத்தில் குறையில்லை. ஆனால், அந்தப் பெயரின் மதிப்பைச் சாதாரண இனிப்பு நீரும் கடன் வாங்கிக் கொள்கிறது.

பழத்தின் நன்மை அதன் வைட்டமின்களில் மட்டும் இல்லை. சர்க்கரையைத் தன் திசுக்களுக்குள் சிறைப்படுத்தி வைத்திருக்கும் நார்ச்சத்தில் இருக்கிறது. மென்று விழுங்கும் பழத்தின் சர்க்கரை குடலில் மெதுவாகவே ரத்தத்தில் கலக்கிறது; வயிறும் நிறைகிறது. பிழிந்து வடிகட்டினால் அந்தச் சிறை உடைகிறது. மூன்று சாத்துக்குடியை உரித்துத் தின்னத் தயங்குபவர், அவற்றின் சாற்றை ஒரே மூச்சில் குடித்துவிடுவார். இதனால்தான் பழச்சாற்றில் உள்ள இயற்கைச் சர்க்கரையையும், குறைக்க வேண்டிய சர்க்கரைக் கணக்கிலேயே உலக சுகாதார நிறுவனம் சேர்க்கிறது. அமெரிக்காவில் 1.87 லட்சம் பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2013-இல் வெளியான ஆய்வில், முழுப் பழங்களை, குறிப்பாக திராட்சை, ஆப்பிள் போன்றவற்றை, அதிகம் உண்டவர்களிடம் நீரிழிவு குறைவாகவும், பழச்சாறு அதிகம் அருந்தியவர்களிடம் சற்றே கூடுதலாகவும் காணப்பட்டது. 10 கோடிக்கும் மேற்பட்ட நீரிழிவு நோயாளிகள் வாழும் நாட்டுக்கு இது சிறிய செய்தியன்று.

உண்மையான செயல்பாட்டு உணவு வேண்டுமெனில், ஸ்ரீவைகுண்டத்தின் வயல்வெளியிலேயே அது இருக்கிறது. வாழைக்காயின் மாவுச்சத்தில் ஒரு பகுதி சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலை அடைந்து, அங்குள்ள நன்மை தரும் நுண்ணுயிரிகளுக்கு உணவாகிறது. அவை உண்டாக்கும் கொழுப்பு அமிலங்கள் குடலின் உட்சுவரைப் பேணுகின்றன. காய் பழுக்கும்போது இந்த மாவுச்சத்து சர்க்கரையாக மாறிவிடும். வேகவைத்தாலும் ஓரளவு குறையும். ஆகவே, முற்றிய காயை மெல்லிதாகச் சீவி உலர்த்தி அரைத்த மாவுக்குத் தனி மதிப்பு உண்டு. வாழைக்காய் மாவு, உலர்த்திய வாழைப்பழம், வாழைத்தண்டுச் சாறு ஆகியவற்றுக்கான தொழில்நுட்பங்களைத் திருச்சியிலுள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையம் உருவாக்கி வைத்திருக்கிறது. தார் விலை சரியும்போது விற்க வழியின்றித் தவிக்கும் விவசாயிக்கு, 2023 டிசம்பர் பெருவெள்ளத்தையும் கண்ட இந்தப் பகுதிக்கு, அவை ஊர்தோறும் வந்து சேர வேண்டும். சிறிய உலர்த்தும் கூடங்களை அமைக்கக் கூட்டுறவுச் சங்கங்களும் மகளிர் குழுக்களும் போதும்.

நுங்கின் கதையும் இதுதான். தோலோடு உண்டால் நீரும் நார்ச்சத்தும் கிடைக்கும். அதையே சர்பத்தில் மிதக்கவிட்டு விற்கும்போது, நுங்கு அலங்காரமாகிவிடுகிறது. உள்ளே போவது சர்க்கரைப் பாகு.

அரசு அசையாமல் இல்லை. செறிவிலிருந்து மீண்டும் நீர் சேர்த்துத் தயாரிக்கும் சாறுகளின் உறையில் '100 சதவீத பழச்சாறு' எனப் போடக் கூடாது என்று 2024 ஜூனில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. 'ஆரோக்கிய பானம்' என்றொரு வகையே சட்டத்தில் இல்லை என்றும் அதே ஆண்டில் தெளிவுபடுத்தப்பட்டது. ஆனால், 2025 செப்டம்பர் 22 முதல், வாயு ஏற்றப்படாத பழ பானங்களுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டுள்ளது. பழ விவசாயிக்கு உதவுவது நோக்கமெனில், சாற்றின் அளவு கூடுதலாகவும் சேர்த்த சர்க்கரை குறைவாகவும் உள்ளவற்றுக்கு மட்டும் அச்சலுகையை அளித்திருக்கலாம்.

ஓர் எச்சரிக்கை. வாழைப்பழத்தில் பொட்டாசியம் மிகுதி. ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்க உதவும் அதே பொட்டாசியம், சிறுநீரகம் பழுதடைந்தவர்களின் உடலில் தேங்கி இதயத் துடிப்பையே குலைக்கக்கூடும். அவர்கள் பழமாயினும் மாவாயினும் மருத்துவரைக் கேட்ட பின்னரே உண்ண வேண்டும். நீரிழிவு நோயாளிகளும் பழுத்த பழத்தின் அளவை மருத்துவரிடம் கேட்டறிவது நல்லது.