உயிருள்ள கயிறு

மனித உடலிலுள்ள மூட்டுகளுள் மிகப் பெரியது முழங்கால் மூட்டு. தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் இங்கே சந்திக்கின்றன. முன்னதன் முனை உருண்டு திரண்டிருக்கும். பின்னதன் தலையோ ஏறக்குறையத் தட்டையாக இருக்கும். தட்டையான பலகையின்மேல் உருண்டையான பொருளை வைத்தால் அது நழுவிவிடும் அன்றோ? ஆயினும், நாம் நடக்கின்றோம், ஓடுகின்றோம், படியேறுகின்றோம். முழங்கால் நழுவுவதில்லை. இதற்குக் காரணம் யாது? நான்கு வலிய நார்க்கட்டுகள் அவ்வெலும்புகளைப் பிணைத்துள்ளன. அவற்றுள் இரண்டு, மூட்டின் உள்ளே பெருக்கற்குறி போல ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்கின்றன; ஏனைய இரண்டும் மூட்டின் இரு பக்கங்களிலும் அமைந்துள்ளன. இவற்றைத் தசைநார்கள் என்பர். பெயரில் தசை உண்டெனினும், இவை எலும்போடு எலும்பைப் பிணைப்பனவாகும். மக்கள் பேச்சு வழக்கில் ஜவ்வு என்று கூறுவது பெரும்பாலும் இவற்றையே.

தசைநாரைக் கயிற்றிற்கு ஒப்பிடலாம். தென்னை நாரைத் திரித்துப் புரியாக்கி, புரிகளை முறுக்கிக் கயிறாக்குவர். தசைநாரும் அவ்வாறே அமைந்தது. கொலாஜன் என்னும் புரதமே அதன் நார். மூன்று நுண்ணிழைகள் முறுக்கிக்கொண்டு ஒரு கொலாஜன் துகள் ஆகின்றன. அத்துகள்கள் பல சேர்ந்து இழையாகவும், இழைகள் பல சேர்ந்து கற்றையாகவும் திரள்கின்றன. இக்கற்றைகள் ஓய்வில் அலைபோல் நெளிந்திருக்கும். இழுக்கும்போது நிமிர்ந்து பாரத்தைத் தாங்கும்.

ஆயினும், கயிற்றிற்கும் தசைநாருக்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. கயிறு உயிரற்றது, பயன்படுத்தப் பயன்படுத்தத் தேயும், சுருட்டி வைத்தால் நெடுநாள் இருக்கும். தசைநாரோ உயிருள்ளது. அளவோடு பயன்படுத்தினால் வலுப்பெறும். சுருட்டி வைத்தாற்போல் அசையாதிருந்தால் நலியும். இவ்விந்தை நிகழ்வது எவ்வாறு?

கொலாஜன் கற்றைகளுக்கு இடையே, நீண்டு மெலிந்த உயிரணுக்கள் வரிசையாக அமர்ந்திருக்கின்றன. இவையே கயிறு திரிக்கும் தொழிலாளர். புதிய கொலாஜனை ஆக்குவதும், பழையதை நொதிகளால் வெட்டி அகற்றுவதும் இவற்றின் வேலை. இவ்வுயிரணுக்கள் தம் மேற்சவ்விலுள்ள நுண்ணிய கொக்கிகளால் இழைகளைப் பற்றியிருக்கின்றன. நாம் அடியெடுத்து வைக்குந்தோறும் தசைநார் சிறிது இழுபடுகின்றது. அவ்விழுவை கொக்கிகளின் வழியே உயிரணுவினுள் பாய்கின்றது. ‘பாரம் வருகின்றது, கயிற்றைப் பேணுக’ என்பதே அதன் பொருள். அதற்கேற்ப ஆக்கமும் அழிவும் ஒத்து நடைபெறுகின்றன.

எலும்பு முறிந்தோர்க்கு முறிந்த இடம் அசையாதிருத்தல் வேண்டும். நெதர்லாந்து நாட்டுப் படை மருத்துவர் அந்தோனியஸ் மத்தைசென் 1851ஆம் ஆண்டில் துணியில் சாந்துப் பொடியைத் தேய்த்து, நீரில் நனைத்துச் சுற்றும் முறையை வகுத்தார். இன்று நாம் காணும் மாவுக்கட்டு அதன் வழிவந்ததே. அது எண்ணற்றோரின் கால்களைக் காத்தது. ஆனால், எலும்பிற்கு நன்மை செய்யும் அதே ஓய்வு, அருகிலுள்ள தசைநாருக்குத் தீமையாகவும் முடிகின்றது.

முழங்கால் கட்டுண்டு கிடக்கும்போது இழுவை நின்றுபோகின்றது. செய்தி வராமையால் உயிரணுக்களின் போக்கு மாறுகின்றது. நீண்டிருந்தவை உருண்டை வடிவை நோக்கித் திரும்புகின்றன, வரிசையும் குலைகின்றது. வெட்டும் நொதிகள் மிகுகின்றன. புதிய இழைகள் தோன்றினும், எத்திசையில் செல்வது என்று காட்டும் இழுவை இன்மையால் அவை தாறுமாறாகப் படிகின்றன. தசைநார் எலும்பினுள் பதியும் இடத்திலோ, எலும்பைக் கரைக்கும் உயிரணுக்கள் வேலையைத் தொடங்குகின்றன. கயிறு மட்டுமன்றி, அதனைக் கட்டிய முளையும் தளர்கின்றது.

இவ்வுண்மையை ஆய்வுகள் நிறுவியுள்ளன. அமெரிக்க மருத்துவர் பிராங்க் நொய்ஸும் அவர்தம் குழுவினரும் 1974ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், 8 வாரம் கட்டுண்டிருந்த குரங்குகளின் முழங்கால் தசைநார் தன் வலிமையில் ஏறத்தாழ 39 விழுக்காட்டை இழந்திருந்தது. சேவியோ வூவும் அவர்தம் குழுவினரும் 1987ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், 9 வாரம் அசையாதிருந்த முயல்களின் பக்கத் தசைநார், இயல்பான பாரத்தில் மூன்றில் ஒரு பங்கிலேயே அறுந்தது.

இழந்தது மீளுமா? மீளும்; ஆனால் மெல்ல மீளும். முயல்களை மேலும் 9 வாரம் இயங்கவிட்டபோது தசைநாரின் நடுப்பகுதி ஏறக்குறையப் பழைய நிலையை எய்தியது; எலும்பில் பதியும் இடமோ பின்தங்கியே இருந்தது. குரங்குகளின் தசைநார் ஓராண்டு கழிந்தும் முழு வலிமையை எய்தவில்லை. வாரங்களில் இழந்ததைத் திரும்பப் பெற மாதங்கள் வேண்டியிருந்தன.

இவ்வறிவு மருத்துவ முறையையே மாற்றியது. முன்னாளில் தசைநார் கிழிந்தோரின் முழங்காலைப் பல வாரம் மாவுக்கட்டில் வைத்தனர். இக்காலத்தில், இயன்றவிடத்து, மருத்துவர் வகுத்த அளவில் விரைவிலேயே மூட்டை அசைக்கச் செய்கின்றனர். எனினும், கட்டு வேண்டுவதே இல்லை என்று எவரும் கருதலாகாது. எப்போது கட்டுவது, எப்போது அவிழ்ப்பது என்பதை மருத்துவரே அறிவார்.

நாம் மறவாதிருக்க வேண்டுவது ஒன்று உண்டு. மாவுக்கட்டை அவிழ்த்தவுடன் கால் குணமாகிவிட்டது போலத் தோன்றலாம். உடனே ஓடவும் குதிக்கவும் மனம் விழையும். ஆனால் உள்ளேயிருக்கும் தசைநார் இன்னும் நலிந்தே இருக்கும்; அளவு மீறிய பாரம் அதனை அறுத்துவிடவும் கூடும். கட்டவிழ்த்த நாள் நலம் நிறைந்த நாள் அன்று. நலம் பெறும் முயற்சி தொடங்கும் நாளே ஆகும். நாள்தோறும் சிறிது சிறிதாக இயக்குதலும், பொறுமையோடு காத்திருத்தலும் ஆகிய இரண்டும் சேர்ந்தே அவ்வுயிருள்ள கயிற்றை மீண்டும் முறுக்கேற்றும்.